கேம்ப்ல பி.பி, சுகர் டேபிள்ல உக்காரப்போற சிஸ்டர்களுக்கு

ஊர்ல மெடிக்கல் கேம்ப்னா டாக்டர் டேபிள்லதான் கூட்டம், ஆனா ஜனங்க மனசு விட்டு பேசுறது பி.பி பாக்குற நம்மகிட்டதான், அந்த ரெண்டு மூணு நிமிஷத்த எப்படி உருப்படியா யூஸ் பண்றதுன்னு எழுதுறேன்.

டேபிள மைக் செட் பக்கத்துல போடாதீங்க. சத்தத்துல நீங்க "பாட்டி, உங்களுக்கு சுகர் 280"ன்னு கத்துனா பின்னாடி நிக்கிற சம்பந்தி வீட்டுக்காரங்க வரைக்கும் நியூஸ் போயிடும், அப்புறம் அந்தப் பாட்டி அடுத்த கேம்ப்புக்கு வரவே மாட்டாங்க. நம்பர சீட்டுல எழுதிக் காட்டி மெதுவா சொல்லுங்க.

வந்த உடனே கையில பி.பி மெஷின் பட்டைய (கஃப்) சுத்தாதீங்க. வெயில்ல நடந்து வந்திருப்பாங்க, வாசல்ல குடுத்த டீய குடிச்சிருப்பாங்க, தாத்தாவா இருந்தா ஒரு பீடியும் இழுத்திருப்பார். டீ, பீடி முடிஞ்சு அரை மணி நேரம் ஆகணும், 5 நிமிஷம் சாஞ்சு உக்காரணும், காலு மேல காலு போடக்கூடாது, கை நெஞ்சு உயரத்துல டேபிள் மேல இருக்கணும், யூரின் வந்தா போயிட்டு வரச் சொல்லுங்க. 140/90 தாண்டுனா கொஞ்சம் விட்டு இன்னொரு தடவ பாருங்க, ஒரு தடவ பாத்துட்டு "உங்களுக்கு பி.பி இருக்கு"ன்னு சொல்லிடாதீங்க. 180/120க்கு மேல போயி கூடவே நெஞ்சு வலி, வாய் கோணல், பேச்சு குழறல்னு ஏதாவது இருந்தா க்யூ, சீட்டு எல்லாம் அப்புறம், நேரா 108.

சுகருக்கு கை கழுவ வெச்சுட்டு குத்துங்க, வாழைப்பழம் தின்ன கையோட குத்துனா ரீடிங் எகிறும். விரல் நடுவுல வேண்டாம், ஓரத்துல குத்துங்க, வலி கம்மி. ஒரு ஆளுக்கு ஒரு லேன்செட் (குத்துற சின்ன ஊசி), குத்துனது நேரா ஊசி போடுற ஷார்ப்ஸ் டப்பாவுக்கு. கடைசியா எப்ப சாப்பிட்டீங்கன்னு கேட்டு சீட்டுல எழுதுங்க, ஏன்னா வெறும் வயித்துல 126ங்கிறதும் சாப்பிட்டு வந்து 150ங்கிறதும் ஒண்ணு கெடையாது, எப்படியும் லேப்ல ரத்தம் குடுத்துதான் உறுதி பண்ணணும்.

இப்ப பேச்சு. ஒருத்தருக்கு ஒரு விஷயம் மட்டும் சொல்லுங்க, நடைபயிற்சி, உப்பு, எண்ணெய், தூக்கம்னு மொத்தமா கொட்டுனா எல்லாத்துக்கும் தலையாட்டிட்டு போயிடுவாங்க. உப்பையே எடுத்துக்குங்க, "உப்ப கொறைங்கம்மா"ன்னா "நாங்க கம்மியாதான் போடுறோம் சிஸ்டர்"னு பதில் ரெடியா இருக்கும். அதுக்கு நான் கேக்குறது, வீட்ல எத்தன பேரு, ஒரு கிலோ உப்பு பாக்கெட் எத்தன நாள் வருது? உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள்ள, அதாவது ஒரு டீஸ்பூன், அப்ப நாலு பேரு வீட்ல ஒரு பாக்கெட் 50 நாளாவது ஓடணும், அதுலயும் ஊறுகா, கருவாடு, அப்பளத்துல இருக்கிறது தனி. மாசம் ரெண்டு பாக்கெட் வாங்குற அக்காவுக்கு கணக்கு சட்டுனு புரிஞ்சுடும்.

அடுத்து மாத்திர. "நார்மலாயிடுச்சு, அதான் நிறுத்திட்டேன்"னு நெறைய பேரு சொல்லுவாங்க. திட்டாதீங்க, மாத்திர போட்டதாலதான் நார்மலா இருந்துச்சுன்னு பொறுமையா சொல்லுங்க. "மாத்திர கிட்னிய கெடுத்துடுமாமே"ன்னு கேட்டா, கண்ட்ரோல் இல்லாத சுகரும் பி.பியும்தான் கிட்னிய கெடுக்கும்னு சொல்லுங்க, மாத்திர மேல சந்தேகம் இருந்தா டாக்டர்கிட்ட கேக்கச் சொல்லுங்க, தானா நிறுத்த வேண்டாம். நடக்க முடியாத பெரியவங்கன்னா, 2021 ஆகஸ்ட்ல தமிழ்நாடு அரசு ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல வீட்டுக்கே பி.பி, சுகர் மாத்திர வரும், அந்த ஊருக்கு மாத்திர கொண்டு வர்ற அக்கா யாருன்னு முன்னாடியே விசாரிச்சு வெச்சுக்குங்க.

அனுப்புறதுக்கு முன்னாடி "வீட்டுக்கு போயி மருமககிட்ட என்னன்னு சொல்லுவீங்க?"ன்னு கேளுங்க, தப்பா சொன்னா திரும்ப சொல்லிக் குடுங்க. சீட்டுல வெறும் நம்பர் மட்டும் எழுதாம எந்த ஆரம்ப சுகாதார நிலையம், என்னிக்கி, எத்தன மணிக்கு, வெறும் வயித்தோட வரணுமான்னு தமிழ்லயே பெருசா எழுதிக் குடுங்க, படிக்கத் தெரியாதவங்கன்னா கூட வந்தவங்களக் கூப்பிட்டு சொல்லி அனுப்புங்க.