காற்றாலை நிதியில் உங்கள் ஊருக்குப் பங்கு கேட்பது எப்படி

ஸ்காட்லாந்து, வேல்ஸ், அயர்லாந்து பக்கம் ஏதாவது ஒரு கிராமத்தில் குடியிருக்கிறீர்களா, எதிர்மலையில் காற்றாலைகள் சுற்றுகின்றனவா? அப்படியென்றால் அந்தக் காற்றாலையின் பெயரில், அதை நடத்தும் கம்பெனி ஆண்டுதோறும் பணம் போடும் ஒரு சமூக நிதி உங்கள் ஊருக்கென்று இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. ஊர்க்கூடத்தின் ஒழுகும் கூரை, ஓட்ட ஆளில்லாமல் நிற்கும் மினிபஸ், பிள்ளைகள் விளையாட ஒரு இடம் என்று பலவற்றுக்கும் அங்கிருந்து பணம் வரலாம். ஆனால் தானாக வராது, கேட்கத் தெரிந்த ஊருக்குத்தான் போகிறது. எனக்கு உறுத்துவது அதுதான், அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் எவ்வளவு பணம் என்று பாருங்கள். நிலத்தில் நிற்கும் காற்றாலைகளுக்கு, ஒரு மெகாவாட் திறனுக்கு ஆண்டுக்கு 5,000 பவுண்ட், அதுவும் விலைவாசியோடு சேர்ந்து ஏற வேண்டும் என்பது ஸ்காட்லாந்து அரசு பல ஆண்டுகளாகச் சொல்லிவந்த அளவு. 4 மெகாவாட் காற்றாலை பத்து நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆண்டுக்கு 2 லட்சம் பவுண்ட் ஆகிறது, 25 ஆண்டு ஓடினால் விலைவாசி ஏற்றத்தைச் சேர்க்காமலேயே 50 லட்சம். இது சட்டப்படி கட்டாயம் இல்லை, பழைய காற்றாலைகளில் தொகை குறைவாகவும் இருக்கும் (இங்கிலாந்தில் 2013 வரை தொழில்துறை வைத்திருந்த அளவு 1,000 பவுண்ட்தான்). வேல்ஸில் பென்-அ-கமோய்த் என்ற காற்றாலைப் பண்ணை, 76 காற்றாலைகள், 228 மெகாவாட். அதன் சமூக நிதி சுற்றியுள்ள பள்ளத்தாக்கு ஊர்களுக்கு ஆண்டுக்கு 18 லட்சம் பவுண்ட் என்ற கணக்கில் தொடங்கியது.

அயர்லாந்தில் கதை வேறு. அரசின் ஆதரவு ஏலத்தில் (மின்சாரத்துக்கு அரசு விலை உறுதி தரும் ஏலம்) வென்ற திட்டங்களுக்கு அங்கே நிதி கட்டாயம், உற்பத்தியாகும் ஒவ்வொரு 1,000 யூனிட்டுக்கும் 2 யூரோ. அதில் குறைந்தது 40 சதவீதம் லாப நோக்கில்லாத உள்ளூர் அமைப்புகளுக்குப் போக வேண்டும், நிர்வாகச் செலவு 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, 1 கிலோமீட்டருக்குள் இருக்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் குறைந்தது 1,000 யூரோ. திறனை வைத்து இல்லாமல் உற்பத்தியை வைத்துக் கணக்கு என்பதால் காற்று மந்தமான ஆண்டில் நிதியும் இளைக்கும், திட்டம் போடும்போது இதை மறந்துவிட வேண்டாம்.

சிலருக்கு ஒரு தயக்கம் இருக்கும்: நான் அந்தக் காற்றாலையையே எதிர்த்தவன், இப்போது அதன் பணத்தை வாங்கலாமா என்று. தாராளமாக வாங்கலாம். காற்றாலைக்கு அனுமதி கொடுப்பதா வேண்டாமா என்ற முடிவில் இந்த நிதியைக் கணக்கில் எடுக்கவே கூடாது, ஆட்சேபம் தெரிவிப்பது உங்கள் தனி உரிமை, நிதி கேட்பது வேறு விஷயம்.

சரி, எங்கிருந்து ஆரம்பிப்பது? உங்கள் ஊர் எந்த நிதியின் எல்லைக்குள் வருகிறது என்று கண்டுபிடியுங்கள். ஒவ்வொரு நிதிக்கும் ஒரு வரைபடம் உண்டு, ஒரே கிராமம் இரண்டு மூன்று நிதிகளின் எல்லைக்குள் வருவதும் உண்டு. நிதியைக் கம்பெனி நேரடியாக நிர்வகிக்கலாம், உள்ளூர் அறக்கட்டளை பார்க்கலாம், அல்லது ஃபவுண்டேஷன் ஸ்காட்லாந்து மாதிரி ஒரு அமைப்பு பல நிதிகளைச் சேர்த்து நடத்தலாம். யார் பார்க்கிறார்கள் என்று தெரிந்ததும் படிவத்தைத் தொடாமல் முதலில் ஒரு போன் போடுங்கள். இதைத்தான் மிக அழுத்திச் சொல்வேன். நிதி அலுவலரிடம் பதினைந்து நிமிடம் பேசினால், உங்கள் திட்டம் தேறுமா, எந்த விண்ணப்பச் சுற்றில் போடுவது, எவ்வளவு கேட்பது என்று பாதி விஷயம் தெளிவாகிவிடும்.

பொதுவாகத் தனி ஆளாகக் கேட்டால் கிடைக்காது. எழுதி வைத்த விதிமுறைகள் கொண்ட ஒரு குழு வேண்டும், குழுவின் பெயரில் வங்கிக் கணக்கு, அதில் உறவுக்காரர்கள் அல்லாத இரண்டு பேர் கையெழுத்து, கடைசி ஆண்டின் கணக்கு. புதிதாகத் தொடங்க நேரமில்லை என்றால் ஏற்கெனவே இருக்கும் ஊர்க்கூடக் கமிட்டியோடு சேர்ந்து போடுங்கள்.

அப்புறம் ஊர்க்காரர்களிடம் கேளுங்கள். கடை வாசலில், பள்ளிக்கூட வாசலில் ஒரு தாளை நீட்டி, என்ன வேண்டும் என்று நாற்பது பேரிடம் கேட்டு எழுதி வாங்கினால் அதுவே ஆதாரம். ஊருக்கென்று ஒரு செயல்திட்டம் ஏற்கெனவே எழுதி வைத்திருந்தால் உங்கள் திட்டம் அதில் எங்கே வருகிறது என்று காட்டுங்கள்.

படிவத்தில் பெரும்பாலும் கோட்டை விடும் இடம், "ஏன் இது தேவை?" என்ற பெட்டி. "ஊர்க்கூடம் எங்கள் ஊரின் உயிர், அதைப் புதுப்பிக்க வேண்டும்" என்று எழுதினால் படிப்பவருக்கு எதுவும் தெரியாது. இப்படி எழுதிப் பாருங்கள்: "செவ்வாய்க்கிழமை முதியோர் மதிய உணவுக்கு 22 பேர் வருகிறார்கள், நவம்பர் முதல் மார்ச் வரை குளிர் தாங்காமல் 9 பேராகக் குறைகிறது, ஹீட்டிங்கை மாற்றினால் குளிர்காலம் முழுக்க எல்லோரும் வர முடியும்." கண்ணுக்கு முன்னால் நாற்காலிகள் காலியாக இருப்பது தெரிகிறது அல்லவா, கமிட்டிக்கும் தெரியும்.

பெரிய வேலை என்றால் இரண்டு மூன்று கொட்டேஷன் கேட்பார்கள். கட்டடமோ நிலமோ உங்களுடையது இல்லை என்றால் உரிமையாளரின் எழுத்துபூர்வச் சம்மதம் வேண்டும், போதுமான ஆண்டுகளுக்குக் குத்தகையும் வேண்டும். முழுச் செலவையும் ஒரே நிதியில் கேட்காமல் கொஞ்சம் வேறு இடத்திலும் திரட்டுங்கள், ஊர்க்காரர்கள் இலவசமாக உழைக்கும் மணிநேரத்தையும் கணக்கு போட்டுக் காட்டலாம். பணம் கைக்கு வரும் முன்பே வேலையை ஆரம்பித்துவிடாதீர்கள், முடிந்துபோன செலவுக்குப் பெரும்பாலான நிதிகள் கொடுப்பதில்லை. கட்சிப் பிரசாரம், மதப் பிரசாரம், கவுன்சில் சட்டப்படி செய்தாக வேண்டிய வேலை, இவற்றுக்கும் அப்படித்தான்.

கட்டுவதற்கு மட்டும் கேட்டு, நடத்துவதற்குக் கேட்காமல் விடுவதுதான் எனக்குப் பெரிய கவலை. புதுக் கூடம் எழும்பிவிடும், ஆனால் அதற்குக் காப்பீடு, மின்கட்டணம், சுத்தம் செய்ய ஆள், சாவியை வைத்திருந்து முன்பதிவு பார்க்க ஒருவர், இந்தச் செலவு வருடா வருடம் வரும். காற்றாலை நிதியின் பெரிய பலமே அது பல ஆண்டு தொடர்ந்து வருவதுதான், பகுதிநேர ஊழியர் சம்பளத்துக்கும் பல நிதிகள் கொடுக்கின்றன, கேளுங்கள். விண்ணப்பம் எழுதுவதற்கென்றே ஒருவரை வேலைக்கு வைத்த ஊர், அடுத்த விண்ணப்பத்தை இன்னும் நன்றாக எழுதும்.

இன்னும் ஒரு வழியும் இருக்கிறது. ஸ்காட்லாந்தின் கீயா (Gigha) தீவு மக்கள் 2002-இல் தீவையே வாங்கி, அடுத்த சில ஆண்டுகளில் வேறு இடத்தில் ஓடிய பழைய காற்றாலைகள் மூன்றை வாங்கித் தங்கள் சொந்தமாகவே நிறுவினார்கள். சொந்தக் காற்றாலையின் லாபம் முழுவதும் ஊருக்கே வரும், கம்பெனி தரும் பங்கைவிட அது பல மடங்கு. ஆனால் கடன், நிலம், மின்கட்டமைப்பு இணைப்பு என்று வருடக்கணக்கான உழைப்பு.

நிராகரித்துவிட்டால் காரணத்தைக் கேட்டு வாங்குங்கள், திருத்தி அடுத்த சுற்றில் போடுங்கள். கிடைத்துவிட்டால் ஒவ்வொரு ரசீதையும் பத்திரப்படுத்தி, வேலைக்கு முன்னும் பின்னும் போட்டோ எடுத்து வையுங்கள், அறிக்கை கேட்பார்கள். முடிவெடுக்கும் குழுவில் பெரும்பாலும் உள்ளூர்க்காரர்கள்தான் உட்காருகிறார்கள், இடம் காலியானால் நீங்களே பெயர் கொடுங்கள். உங்கள் குழுவின் விண்ணப்பம் எடுக்கப்படும் நேரத்தில் மட்டும் உங்களுக்கு அதில் தொடர்பு இருப்பதைச் சொல்லிவிட்டு, எழுந்து அறைக்கு வெளியே போய்விட வேண்டும்.