விழாத பொம்மையை விழவைப்போம்: ஈர்ப்பு மையம் நடத்த ஒரு செய்முறை

தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை ஏன் விழுவதில்லை என்று வகுப்பில் கேட்டுப் பாருங்கள். "அடியில் கனம் இருக்கிறது சார்" என்று உடனே பதில் வரும். பாதி சரி. கருங்கல்லும் கனம்தான், சாய்த்தால் எழுந்தா நிற்கிறது? மீதிப் பாதியைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கத்தான் இந்தச் செய்முறை.

தலை, இடுப்பு எல்லாம் தனித்தனியாக ஆடும் நடனப் பொம்மை வேறு. நான் சொல்வது உருண்டை அடியோடு சாய்ந்தாடும் ராஜா ராணியை. தஞ்சாவூர் பொம்மைகளுக்குப் புவிசார் குறியீடும் உண்டு. கடையில் வாங்கிய பொம்மை ஒன்று மேசையில் இருக்கட்டும். ஆனால் பிள்ளைகள் தாங்களே செய்ய வேண்டும்.

தேவையானவை: சுமார் 8 செ.மீ. விட்டமுள்ள பழைய பிளாஸ்டிக் பந்து, களிமண், காலண்டர் அட்டை, பசை. முதல் தடவை நான் கொட்டாங்கச்சியில் முயன்றேன். அதன் கண்கள் இருக்கும் பக்கம் மேடும் பள்ளமுமாக இருப்பதால் ராஜா கள் குடித்தவரைப் போல ஒரு பக்கமாகவே சாய்ந்து நின்றார். பந்துதான் சரி.

பந்தை ஒட்டுக்கோட்டின் வழியே இரண்டாக வெட்டுங்கள். கத்தி ஆசிரியர் கையில்தான் இருக்க வேண்டும். ஒரு பாதியின் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் களிமண்ணை அழுத்தி நிரப்பி, இரண்டு நாள் நிழலில் காயவிடுங்கள். காய்ந்த மண் சுருங்கிக் கிலுகிலுப்பை போலச் சத்தமிடும். வெளியே எடுத்துப் பசை தடவி மீண்டும் வையுங்கள். பிறகு 10 செ.மீ. உயரத்துக்கு அட்டைக் கூம்பு செய்து மேலே ஒட்டிவிட்டால் உடம்பு தயார்.

இனிதான் பாடம். பொம்மையைச் சாய்த்துவிட்டு, ஐந்து முறை ஆட எவ்வளவு நேரம் ஆகிறது என்று செல்போனில் அளந்து குறிக்கச் சொல்லுங்கள். அடுத்து, புளியங்கொட்டை அளவு ஈரக் களிமண் உருண்டை ஒன்றைக் கூம்பின் உச்சியில் ஒட்டி மீண்டும் அளக்கட்டும். இப்படியே ஒவ்வொன்றாக. பொம்மைக்குச் சோம்பல் ஏறுவது தெரியும். ஆட்டம் மெதுவாகிக்கொண்டே போகும். பத்துப் பன்னிரண்டு உருண்டை சேர்ந்ததும் என் பொம்மை சாய்த்த இடத்திலேயே நின்றது. எழவும் இல்லை, விழவும் இல்லை. வகுப்பே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. இன்னும் ஒன்று ஒட்டியதும் தொப்பென்று விழுந்தது.

இப்போது கரும்பலகைக்குப் போகலாம். அரைப்பந்தை முழு வட்டமாக நீட்டி வரைந்து அதன் மையத்தைக் குறியுங்கள். தட்டையான தரையில் எப்படிச் சாய்த்தாலும் அந்த மையத்தின் உயரம் மாறாது. பொம்மையின் ஈர்ப்பு மையம், அதாவது அதன் மொத்த எடையும் குவிந்திருப்பதாகக் கொள்ளும் புள்ளி, அதற்குக் கீழே இருந்தால், சாய்க்கும்போது அது சற்று மேலேறுகிறது. மீண்டும் இறங்குவதற்காகப் பொம்மை நிமிர்கிறது. இரண்டும் ஒரே இடத்தில் சேரும்போதுதான் அந்த அசையாத நிலை. அதற்கும் மேலே போனால் கவிழ்கிறது. "அடியில் கனம்" என்றவர்களிடம் "எதற்கு அடியில்?" என்று இப்போது கேளுங்கள்.

மீசை, கிரீடம், வண்ணம் எல்லாம் கடைசியில்தான். முதலிலேயே பூசினால் ஈர உருண்டை வண்ணத்தை உரித்தெடுத்துவிடும். பிள்ளைகளுக்கும் தங்கள் ராஜாவைக் கவிழ்க்க மனம் வராது.