கப்பல் மீது ஜெட்டை ஏவும் முன்: ஆட்டம் எழுதுபவர்கள் செய்யும் தவறுகள்

போன மாதம் எங்கள் போர் விளையாட்டுக் குழுவுக்குப் புதிதாக வந்த ஒரு தம்பி, தானே எழுதிய ஆட்டத்தைக் கொண்டுவந்தார். 1944 ஜூன் 6, நேச நாடுகள் கடல்வழியே படையிறக்கிய பிரான்சின் நார்மண்டிக் கரை. ஜெர்மனியிடம் மெஸ்ஸர்ஷ்மிட் 262 ஜெட் விமானங்கள் நாற்பது இருக்கின்றன. மூன்றாவது சுற்றுக்குள் நேச நாடுகளின் கப்பற்படை காலி. படித்ததும் திக்கென்றது. பதினோரு வருடத்துக்கு முன் நான் எழுதிய ஆட்டமும் ஏறக்குறைய இதேதான்.

தேதி பிசகுவது, விமானத்தின் ரகத்தை மாற்றிப் போடுவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவை தேடினால் சரியாகிவிடும்.

வேகம் இருந்தால் குறி தப்பாது என்று நம்புவது

இன்றும் எனக்கு எரிச்சல் மூட்டும் தவறு இது. 262 மணிக்கு சுமார் 870 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும். துரத்திப் பிடிக்க அன்று ஆளில்லை. 1943 நவம்பரில் இன்ஸ்டர்பர்க் விமானத் தளத்தில் இதைப் பார்த்த ஹிட்லரும், இது குண்டு சுமக்குமா என்றுதான் கேட்டார். சுமக்கும் என்றார்கள். சுமந்தது உண்மை. போட்ட குண்டு எங்கே விழும் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

என் ஆட்டத்துக்கு நான்கு மாதம் உழைத்தேன். கப்பல் அட்டைகளைக் கைக்காசு போட்டு அச்சடித்தேன். முதல் நாள் ஆட வந்தவர்களில் ஒருவர் கடற்படையில் பீரங்கிப் பிரிவிலிருந்து ஓய்வு பெற்றவர். விதிகளைப் படித்துவிட்டுக் கேட்டார்: "குண்டு கீழே வர எத்தனை விநாடி ஆகும், தம்பி? அதற்குள் கப்பல் எவ்வளவு தூரம் போயிருக்கும்?" என்னிடம் பதில் இல்லை.

அன்று இரவு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 1944 ஜூலையில் மேஜர் ஷெங்கின் 262 பிரிவு பிரான்சுக்கு வந்தபோது, எதிரிப் பகுதிக்கு மேல் 4,000 மீட்டருக்குக் கீழே இறங்கக் கூடாது என்று உத்தரவு. இந்த விமானம் எதிரி கையில் சிக்கிவிடுமோ என்ற பயம். அந்த உயரத்திலிருந்து குண்டு விழ, காற்றின் தடையை விட்டுவிட்டாலும், கிட்டத்தட்ட 29 விநாடி ஆகும். 20 நாட் (மணிக்கு சுமார் 37 கிலோமீட்டர்) வேகத்தில் போகும் கப்பல் அதற்குள் 300 மீட்டர் நகர்ந்திருக்கும். ஒரு நாசகாரிக் கப்பலின் நீளமே சுமார் 115 மீட்டர், அகலம் 12 மீட்டர். கேப்டன் மேலே பார்த்துச் சுக்கானைத் திருப்பிவிட்டால் போச்சு. விமானமோ விநாடிக்கு 200 மீட்டருக்கு மேல் ஓடுகிறது. விமானியின் கை அரை விநாடி தாமதித்தால் நூறு மீட்டர் தள்ளி விழும். குறிபார்க்க அவரிடம் இருந்தது பீரங்கிக்காக வைத்த ரெவி கண்ணாடி மட்டும். நேராகப் பறக்கும்போது, குண்டைப் போட வேண்டிய தருணத்தில் இலக்கு மூக்குக்கு அடியில் மறைந்திருக்கும்.

பாய்ந்து குண்டு போடும் ஜெர்மன் விமானமான ஸ்டூக்கா மாதிரி செங்குத்தாகப் பாய்ந்தால்? ஸ்டூக்காவுக்கு இறக்கையில் வேகத் தடுப்புப் பலகைகள் உண்டு. 262-க்கு இல்லை. ஒலியின் வேகத்தில் 0.86 பங்கை நெருங்கினால் அதன் மூக்கு தானாகக் கீழே சாயும், பிடிமானம் போய்விடும். செங்குத்தாகப் பாய்ந்தால் அந்த எல்லை சில விநாடிகளில் வந்துவிடும்.

நிற்கும் இலக்கையாவது அடித்தார்களா? ஜெர்மனியில் ரைன் ஆற்றின் மேல் இருந்த ரெமாகன் பாலத்தை 1945 மார்ச் 7 அன்று அமெரிக்கர் கைப்பற்றினார்கள். அதை 262-களும், இன்னொரு ஜெர்மன் ஜெட்டான அராடோ 234-களும் நாள்கணக்கில் தாக்கின. 300 மீட்டருக்கு மேல் நீளமான பாலம். அவர்களால் அதைச் சாய்க்க முடியவில்லை. ஏற்கெனவே பட்ட சேதம் தாங்காமல் மார்ச் 17 அன்று அதுவாக விழுந்தது. இதைப் படித்த அன்றே என் அட்டைகளைக் கட்டி எடுத்து வைத்துவிட்டேன்.

"அப்படியானால் தாழப் பறக்கட்டும்" என்பது

தாழப் பறந்தால் ஜெட் என்ஜின் எரிபொருளைக் குடித்துத் தீர்க்கும். போய்த் திரும்பும் தூரம் சுருங்கும். கப்பல்களின் சிறு பீரங்கிகள், தடுப்பு பலூன்களின் கம்பிகள் எல்லாம் அந்த உயரத்தில்தான் காத்திருக்கும்.

டார்பிடோ மாட்டுவது

வேண்டாம். அந்த வேகத்தில் தண்ணீரில் மோதினால் அக்காலத்து டார்பிடோ உடையும்.

ரோமாவை உதாரணம் காட்டுவது

1943 செப்டம்பர் 9 அன்று ஃப்ரிட்ஸ் எக்ஸ் என்ற ஜெர்மன் குண்டு இத்தாலியின் ரோமா போர்க்கப்பலை மூழ்கடித்தது. போட்டது டோர்னியர் 217 என்ற ஜெர்மன் குண்டுவீச்சு விமானம். குண்டை விட்டபின் விமானம் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். குறிபார்ப்பவர் குண்டின் வால் வெளிச்சத்தைக் கண்ணில் வைத்து ரேடியோவால் இழுத்துச் செல்வார். குண்டின் எடை ஏறத்தாழ 1,400 கிலோ. 262 சுமப்பது 250 கிலோ குண்டு இரண்டு, உள்ளே இருப்பது ஒரே ஆள். அப்புறம் எப்படி?

எண்ணிக்கையை மறப்பது

ஷெங்க் கொண்டுவந்தது ஒன்பது விமானம். படையிறக்கத்துக்கு வந்த கலங்கள் சுமார் 7,000.

ஜெட்டால் பயனே இல்லை என்று மறுபக்கம் சாய்வது

1944 ஆகஸ்ட் 2 அன்று ஜெர்மன் விமானி எரிக் சோமர் ஓர் அராடோ 234-இல் நார்மண்டிக் கரை நெடுகப் பறந்து, படம் எடுத்துக்கொண்டு பத்திரமாகத் திரும்பினார். அதுவரை சாதாரண விமானங்களால் முடியாமல் இருந்த வேலை அது. கேமராவுக்கு வேகமும் உயரமும் போதும்.

இதைச் சொன்னதும் தம்பியின் முகம் மலர்ந்தது. இப்போது ஆட்டத்தை மாற்றி எழுதிக்கொண்டிருக்கிறார்: ஒரு விமானம், இரண்டு கேமரா, கீழே ஏழாயிரம் கப்பல்.