பில்டு சர்வரில் மட்டும் நிற்கும் பேக்கேஜ்: விடுபட்ட பில்டு கருவிகள் விஷயத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

லேப்டாப்பில் பேக்கேஜ் (நிறுவத் தயாரான வடிவில் கட்டிய நிரல்) சிக்கலே இல்லாமல் பில்டு ஆகிறது, அதாவது மூல நிரலிலிருந்து உருவாகிறது. நிறுவிப் பார்த்தால் நிரலும் ஓடுகிறது. நம்பிக்கையோடு ஃபெடோரா என்ற லினக்ஸ் டிஸ்ட்ரோவின் (லினக்ஸ் வெளியீட்டின்) பில்டு சர்வருக்கு அனுப்பினால் சில நிமிடங்களில் தோல்வி என்று திரும்பி வருகிறது. பில்டின் பதிவான லாகைத் திறந்தால் "ஆட்டோபாயின்ட்: நாட் ஃபவுண்ட்" என்று ஒரு வரி. பில்டுக்குத் தேவையான ஆட்டோபாயின்ட் என்ற கருவி அங்கே இல்லை. பேக்கேஜ் கட்டத் தொடங்கும் பலரும் இந்த இடத்தில் ஒருமுறையாவது மாட்டிக்கொள்கிறார்கள். இதைச் சரிசெய்வது பெரும்பாலும் ஒரு வரி வேலைதான். ஆனால் அந்த ஒரு வரியைத் தேடும் அவசரத்தில் செய்கிற தவறுகள் பேக்கேஜைப் பல வருடங்களுக்கு விடாமல் துரத்தும்.

சொந்த மெஷினை நம்புவது

வீட்டில் சமைத்துக்கொண்டே மளிகைச் சீட்டு எழுதினால் கடுகும் மஞ்சள்தூளும் சீட்டில் வராது. அஞ்சறைப் பெட்டியில் அவை ஏற்கெனவே இருக்கின்றன. டெவலப்பரின் லேப்டாப்பும் அப்படித்தான். போன வருடம் வேறு ஏதோ வேலைக்காக நிறுவிய பைசன், ஃப்ளெக்ஸ், கெட்டெக்ஸ்ட் போன்ற பில்டு கருவிகள் எல்லாம் அதில் கிடக்கும். யூஎஸ்ஆர்-லோக்கலுக்குள் கையால் கம்பைல் செய்து போட்ட சிமேக் ஒன்றும் இருக்கும். பில்டு இவற்றையெல்லாம் கேட்காமலே எடுத்துக்கொள்ளும். பில்டுக்கு வேண்டியவற்றை ஒவ்வொரு டிஸ்ட்ரோவிலும் ஒரு பட்டியலில் எழுத வேண்டும். டெபியனின் பில்ட்-டிபென்ட்ஸ் வரியிலோ, ஃபெடோரா ஸ்பெக் கோப்பின் பில்ட்ரெக்வயர்ஸ் வரியிலோ, ஆர்ச்சின் மேக்டிபென்ட்ஸ் வரியிலோ அவற்றின் பெயர் இல்லை என்பது நமக்குத் தெரியவே தெரியாது.

அதனால் வெறும் அறையில் பில்டு செய்து பார்க்காமல் எதையும் அனுப்பக் கூடாது. இதற்கு டெபியனில் எஸ்பில்டும் பிபில்டரும் இருக்கின்றன, ஃபெடோராவில் மாக் இருக்கிறது, ஆர்ச்சில் மேக்-சிஎச்ரூட்-பிகேஜி இருக்கிறது. எல்லாம் செய்வது ஒரே வேலையைத்தான். அடிப்படைப் பேக்கேஜ்கள் மட்டும் உள்ள ஒரு சிஎச்ரூட்டை (கணினியின் மற்ற கோப்புகளிலிருந்து பிரித்த தனி இடத்தை) உருவாக்கி, நாம் எழுதிக் கொடுத்த பட்டியலை மட்டும் அதில் நிறுவி, அதற்குள் பில்டை ஓட்டும். முதல்முறை அமைக்க அரை மணி நேரம் போகலாம். அந்த அரை மணி நேரத்தை மிச்சப்படுத்த நினைத்தவர்கள் பிறகு சர்வரின் லாகை வைத்துக்கொண்டு ஒவ்வொரு கருவியாகத் தேடிச் சேர்த்துக்கொண்டிருப்பார்கள்.

அந்த வெறும் அறையில் என்னென்ன இருக்கும் என்பதும் டிஸ்ட்ரோவுக்கு டிஸ்ட்ரோ மாறும். டெபியனில் பில்ட்-எசென்ஷியல் என்ற தொகுப்பு எப்போதும் உண்டு. ஜிசிசி, ஜி பிளஸ் பிளஸ் ஆகிய கம்பைலர்கள், பில்டை நடத்தும் மேக், சி நூலகத்தின் ஹெடர்கள் (கம்பைலர் படிக்கும் அறிவிப்புக் கோப்புகள்), டிபிகேஜி-டெவ் ஆகியவை அதற்குள் வந்துவிடும், எழுத வேண்டியதில்லை. ஆர்ச்சில் பேஸ்-டெவல் அப்படி. ஃபெடோராவிலும் ஜிசிசி ஒரு காலத்தில் இலவசமாகவே கிடைத்தது. 2018-இல் ஃபெடோரா 29-க்கான வேலையின்போது அதை பில்டு அறையிலிருந்து எடுத்துவிட்டார்கள். அதுவரை பெயரைக் குறிப்பிடாமலே சி நிரல்களை பில்டு செய்துகொண்டிருந்த பேக்கேஜ்கள் எல்லாவற்றுக்கும் 'பில்ட்ரெக்வயர்ஸ்: ஜிசிசி' என்று ஒரு வரி தேவைப்பட்டது. மேலே சொன்ன ஆட்டோபாயின்ட் விஷயமும் இதே ரகம். டெபியனில் பேக்கேஜ் கட்ட உதவும் டெப்ஹெல்பர் என்ற கருவியே ஆட்டோகான்ஃப், ஆட்டோமேக், லிப்டூல், ஆட்டோபாயின்ட் நான்கையும் கூடவே கூட்டிக்கொண்டு வருவதால் அங்கே அந்தக் குறை கண்ணில் படாது. அதே நிரலை ஃபெடோராவுக்குக் கொண்டுபோனால் முதல் நாளே படும்.

எரர் சொல்கிற இடத்திலேயே தோண்டுவது

ஒரு பிழையை மட்டும் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்கலாம், ஏனென்றால் இது நிறையப் பேரின் நாளைத் தின்றிருக்கிறது. பில்டுக்கு முன் கணினியில் தேவையானவை இருக்கின்றனவா என்று சோதிக்கும் கான்ஃபிகர் ஸ்க்ரிப்ட் பாதியில் நின்று, ஏதோ ஓர் ஆயிரத்துச் சொச்சமாவது வரியில் "சின்டாக்ஸ் எரர் நியர் அனெக்ஸ்பெக்டட் டோக்கன்" என்று சொல்லும். அந்த வரிக்குப் போனால் 'பிகேஜி_செக்_மாட்யூல்ஸ்' என்று பெரிய எழுத்துகளில் ஒன்று நிற்கும். உடனே ஸ்க்ரிப்ட் கெட்டுப்போய்விட்டது, பாஷ் பதிப்பு சரியில்லை என்றெல்லாம் சந்தேகம் கிளம்பும். சிலர் அந்த வரியையே வெட்டிவிட்டு மேலே போவார்கள்.

நடந்தது வேறு. அது ஷெல் கட்டளையே அல்ல, எம்4 மேக்ரோ, அதாவது நீண்ட நிரலாக விரிய வேண்டிய ஒரு சுருக்கப் பெயர். ஆட்டோகான்ஃப், கான்ஃபிகர் ஸ்க்ரிப்டை உருவாக்கும்போது அந்த மேக்ரோவை விரித்து ஷெல் நிரலாக மாற்ற வேண்டும். விரிப்பதற்கான வரையறை, நூலகங்கள் எங்கே இருக்கின்றன என்று சொல்லும் பிகேஜி-கான்ஃபிக் கருவியோடு வரும் ஒரு சிறு எம்4 கோப்பில் இருக்கிறது. கருவி இல்லையென்றால் அந்தக் கோப்பும் இல்லை. மேக்ரோவின் பெயர் விரிக்கப்படாமல் அப்படியே ஸ்க்ரிப்டுக்குள் போய்விடுகிறது. அதன் அடைப்புக்குறியைப் பார்த்து ஷெல் திகைத்து நிற்கிறது. பட்டியலில் பிகேஜி-கான்ஃபிக்கைச் சேர்த்தால் தீர்ந்தது. இப்போது பல டிஸ்ட்ரோக்களில் அதன் இடத்தில் இருப்பது பிகேஜிகான்ஃப். ஆனால் கருவியை நிறுவிவிட்டு, பழைய கான்ஃபிகரையே மறுபடி ஓட்டினால் அதே பிழைதான் வரும். ஆட்டோரீகான்ஃபை ஓட்டி ஸ்க்ரிப்டைப் புதிதாக உருவாக்க வேண்டும். இங்கேதான் பலர், "நிறுவிப் பார்த்தேன், சரியாகவில்லை" என்று சரியான மருந்தைத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள்.

ஏஎக்ஸ் என்று தொடங்கும் மேக்ரோ ஏதாவது இப்படி விரியாமல் நின்றால் பெரும்பாலும் ஆட்டோகான்ஃப்-ஆர்க்கைவ் விடுபட்டிருக்கும். "ஏசிலோக்கல்-1.15 இஸ் மிஸ்ஸிங்" என்று வந்தால் (ஏசிலோக்கல் ஆட்டோமேக்கோடு வரும் கருவி), அந்தப் பழைய பதிப்பைத் தேடி அலைய வேண்டாம். மூலத்தை உருவாக்கியவர் அந்தப் பதிப்பை வைத்திருந்தார், நகலெடுக்கும்போது கோப்புகளின் நேர முத்திரை மாறிவிட்டது, அதனால் மேக் எல்லாவற்றையும் மறுபடி உருவாக்கப் பார்க்கிறது. இங்கும் ஆட்டோரீகான்ஃப்தான் வழி.

அப்புறம், லாகின் கடைசி வரி காரணத்தைச் சொல்வது அபூர்வம். மேக் பல வேலைகளை ஒரே நேரத்தில் ஓட்டும்போது உண்மையான பிழை இருநூறு வரிக்கு மேலே புதைந்திருக்கும். கீழே 'எரர் 2' என்பது மட்டும் மிஞ்சும். மேலே போய் முதல் பிழையைப் பிடியுங்கள். கான்ஃபிகர் நின்றிருந்தால் கான்ஃபிக்.லாக் கோப்பைத் திறந்து பாருங்கள்.

பெயரை ஊகிப்பது

கருவியின் பெயரும் பேக்கேஜின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஆட்டோபாயின்ட் டெபியனில் தனிப் பேக்கேஜ், ஃபெடோராவில் கெட்டெக்ஸ்ட்-டெவல் என்பதற்குள் இருக்கிறது. டெபியனில் லிப்டூல் என்ற பேக்கேஜை நிறுவினாலும் லிப்டூல் என்ற கட்டளை கிடைக்காது, அது லிப்டூல்-பின் என்ற இன்னொன்றில் இருக்கிறது. ஒரு டிஸ்ட்ரோவின் பட்டியலை இன்னொன்றுக்கு அப்படியே நகலெடுப்பவர்கள் மாட்டுவது இங்கேதான். கோப்பின் பெயரை வைத்தே தேடுங்கள். டெபியனில் ஏபிடி-ஃபைல், ஃபெடோராவில் டிஎன்எஃப் ப்ரொவைட்ஸ், ஆர்ச்சில் பேக்மேனின் பெரிய எஃப் விருப்பம் அதைச் சொல்லிவிடும். நூலகம் நிறுவியிருந்தும் "நாட் ஃபவுண்ட்" என்று வந்தால், ஹெடர்கள் உள்ள டெவ் அல்லது டெவல் பேக்கேஜ் விடுபட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

அடுத்தவர் கொண்டுவருவதை நம்பி இருப்பது

பட்டியலில் உள்ள ஒரு நூலகம் தனக்குத் தேவை என்று பிகேஜிகான்ஃபை இழுத்து வருகிறது. அதனால் நாம் அதை எழுதவில்லை. நாளை அந்த நூலகத்தின் பராமரிப்பாளர் அந்தச் சார்பை நீக்கினால், நம் பேக்கேஜில் ஓர் எழுத்துகூட மாறாமலே பில்டு உடையும். பைத்தான் உலகில் இதே பாடம் பெரிய அளவில் நடந்தது. பைத்தான் நிரல்களை பில்டு செய்யும் டிஸ்ட்யூடில்ஸ் பைத்தானோடு சேர்ந்தே வந்ததால், சில டிஸ்ட்ரோ பேக்கேஜ்களில் அதே வேலைக்கான தனிக் கருவியான செட்டப்டூல்ஸைப் பட்டியலில் எழுதாமலே விட்டிருந்தார்கள். 2023 அக்டோபரில் வந்த பைத்தான் 3.12-இல் டிஸ்ட்யூடில்ஸ் நீக்கப்பட்டது. அந்த பில்டுகள் "நோ மாட்யூல் நேம்டு டிஸ்ட்யூடில்ஸ்" என்று நின்றன. நமது பில்டு நேரடியாக அழைக்கும் எதுவானாலும் அதன் பெயர் நமது பட்டியலில் இருக்க வேண்டும்.

நிற்காமல் போகும் பில்டு

என்னை அதிகம் கவலைப்பட வைப்பது இதுதான். கருவி இல்லையென்றால் கான்ஃபிகர் சில நேரம் நிற்பதில்லை. "இல்லையா, சரி" என்று அந்த வசதியை அணைத்துவிட்டு மேலே போய்விடுகிறது. ஹெல்ப்2மேன் இல்லாததால் மேன் பக்கம் உருவாகாது. வேலண்ட்-ஸ்கேனர் நிரல் இல்லாததால் வேலண்ட் என்ற திரைக்காட்சி முறைக்கான ஆதரவு போய்விடும். பில்டு பச்சை நிறத்தில் முடியும். மூன்று மாதம் கழித்து ஒரு பயனர் வந்து, போன பதிப்பில் இருந்தது இந்தப் பதிப்பில் காணோமே என்று கேட்பார்.

தேவையான வசதிகளை வெளிப்படையாகக் கேளுங்கள். ஆட்டோகான்ஃபில் எனேபிள், வித் விருப்பங்களைப் பெயர் சொல்லிக் கொடுத்தால், பெரும்பாலான ஸ்க்ரிப்டுகள் கருவி இல்லாதபோது அங்கேயே நின்றுவிடும். மெசான் என்ற பில்டு கருவியில் 'ஆட்டோ' என்று விடப்பட்ட வசதிகளை எல்லாம் கட்டாயமாக்க ஓர் அமைப்பு உண்டு. ஃபெடோராவின் மெசான் மேக்ரோ அதை இயல்பாகவே போட்டுவிடுகிறது, மற்ற இடங்களில் நாமே போட வேண்டியிருக்கலாம். ஒவ்வொரு பதிப்புக்கும் பழைய பேக்கேஜின் கோப்புப் பட்டியலையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். டெபியனில் டெப்டிஃப் இதைச் செய்கிறது. ஒரு கோப்பு காணாமல் போயிருந்தால், காரணம் தெரியும்வரை வெளியிடாதீர்கள்.

பில்டுக்குள்ளேயே தரவிறக்குவது

கருவி டிஸ்ட்ரோவில் இல்லை, அல்லது பழைய பதிப்புதான் இருக்கிறது. உடனே பில்டு கட்டளைகள் உள்ள ரூல்ஸ் கோப்பில், இணையத்திலிருந்து இறக்க ஒரு பிப் இன்ஸ்டால், அல்லது கர்ல் வரி. லேப்டாப்பில் ஓடும், சர்வரில் ஓடாது. பில்டின்போது இணையத்தைத் தொடக் கூடாது என்பது டெபியனின் கொள்கை. ஃபெடோராவின் பில்டு அறைக்குள்ளும் இணையம் கிடையாது. காரணம் நியாயமானது. இன்று தரவிறக்கியது நாளை அதே கோப்பாக இருக்கும் என்ற உறுதி இல்லை. பாதுகாப்புக் குறை ஒன்று வந்தால் எந்த பில்டுக்குள் என்ன நுழைந்தது என்று சொல்லவும் முடியாது. கருவியைத் தனிப் பேக்கேஜாக முதலில் கட்டுவதுதான் நேர்வழி. ரஸ்ட் போன்றவற்றில், டிஸ்ட்ரோவின் விதிகள் அனுமதித்தால், கார்கோ வெண்டார் கட்டளை மூலம் சார்ந்த நூலகங்களின் மூலங்களைச் சேர்த்தே கொடுக்கலாம்.

பில்டு கருவியைத் தவறுதலாக, நிரல் ஓடத் தேவையானவற்றை எழுதும் டிபென்ட்ஸ் வரியில் போடுவது சின்னத் தவறுதான், ஆனால் ஒரு சிறிய கடிகார நிரலை நிறுவுகிறவரின் கணினியில் சிமேக்கும் கம்பைலரும் வந்து உட்காரும். சோதனைக் கருவி இல்லை என்பதற்காகச் சோதனைகளையே அணைப்பதும் வேண்டாம். ஆர்ச்சில் அதற்கென்றே செக்டிபென்ட்ஸ் இருக்கிறது. டெபியனில் நோசெக் குறிப்போடு பில்ட்-டிபென்ட்ஸிலேயே எழுதலாம்.

விடுபட்ட கருவியைக் கண்டுபிடித்துப் பட்டியலில் சேர்த்த பிறகு இன்னொரு வேலையும் செய்யுங்கள். மூல நிரலை எழுதியவருக்கு ஒரு சிறு பேட்ச் அனுப்புங்கள். ரீட்மீயில் அந்தக் கருவியின் பெயர் ஒரு வரி, கான்ஃபிகரில் "இது இல்லை, நிறுவுங்கள்" என்று தெளிவாகச் சொல்லும் ஒரு சோதனை, அவ்வளவுதான். அடுத்த டிஸ்ட்ரோவில் இதே நிரலைக் கட்டப்போகிறவர் முதல் முயற்சியிலேயே அந்தப் பெயரைப் பார்ப்பார்.