பிள்ளைகள் கோல்ஃபில் நேரத்தைத் தொலைக்கும் இடங்கள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மழைக்காலம் முடிந்த பிறகு ஒரு சனிக்கிழமை. மூன்றாவது ஹோலில் பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் பந்துக்குப் பின்னால் நின்று கொடியைப் பார்த்தான். பக்கத்தில் வந்து இரண்டு முறை வீசிப் பார்த்தான். கையுறையைக் கழற்றி மறுபடியும் மாட்டினான். திரும்பவும் பின்னால் போனான். புல்லைக் கிள்ளி மேலே போட்டான்; காற்றே இல்லை, புல் அவன் ஷூ மேலேயே விழுந்தது. அப்புறம் இன்னும் மூன்று பிராக்டிஸ் ஸ்விங். கடைசியில் அடித்த பந்து பத்து யார்டு உருண்டு நின்றது. பின்னால் டீயில், அதாவது ஹோலின் முதல் அடியை அடிக்கிற இடத்தில், காத்திருந்த ரிட்டயர்டு எஸ்டேட்காரர் ஒருவர் பொறுத்துப் பார்த்துவிட்டு ஃபிளாஸ்கைத் திறந்தார். டீயில் நின்று டீ குடிப்பதற்கு மூணாறை விட்டால் வேறு இடம் இல்லை என்று சிரித்துக்கொண்டேன். ஆனால் அந்த வரிசையில் அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு குழு நின்றது.

நான் இதே மலையில் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்து, பள்ளி விடுமுறைகளில் கேடியாக பை தூக்கியவன். இப்போது வார இறுதிகளில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். பெரிய பிளேயர் இல்லை. ஆனால் அடுத்தவர் அடிப்பதை இருபது வருடம் நின்று பார்த்ததில், நேரம் எங்கே போகிறது என்பது மட்டும் நன்றாகத் தெரியும்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. ஒன்பது ஹோலுக்கு ஒரு பிள்ளை 60 அடி அடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மூன்று பேர் சேர்ந்தால் 180 அடி. ஒவ்வொரு அடிக்கும் 20 விநாடி கூடுதலாகச் செலவழித்தால் 3600 விநாடி. சரியாக ஒரு மணி நேரம். அந்த 20 விநாடி என்பது இரண்டு பிராக்டிஸ் ஸ்விங்கும் ஒரு கையுறையும்தான். எங்களுடையது ஒன்பது ஹோல் மைதானம் என்பதால் பதினெட்டுக்கு இரண்டு சுற்று போக வேண்டும். காலையில் கிளம்பிய குழு ஒரு மணி நேரம் தாமதமாக முதல் டீக்குத் திரும்பினால், புதிதாக வருகிறவர்களோடு அங்கே முட்டிக்கொள்ளும். மதியத்துக்கு மேல் மஞ்சு என்கிற மூடுபனி இறங்கிவிட்டால் நூறு யார்டு தள்ளி நிற்கிற கொடியே தெரியாது.

எல்லாத் தவறுக்கும் தாய் ஒன்று உண்டு: தன் முறை வந்த பிறகுதான் யோசிக்கத் தொடங்குவது. ஒருவன் அடிக்கும்போது மற்ற இருவரும் கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருப்பதுபோல் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். அவன் அடித்ததும் மூவருமாக அவன் பந்து போன இடத்தைப் பார்த்து “நல்ல ஷாட்டுடா” என்பார்கள். அதற்குப் பிறகுதான் அடுத்தவன் தன் பந்தை நோக்கி நடப்பான். போய்ச் சேர்ந்ததும் தூரம் எவ்வளவு என்று கேட்பான், பைக்குள் கையை விடுவான், ஏழாம் நம்பர் கிளப்பை எடுப்பான், வைப்பான், எட்டை எடுப்பான். இவ்வளவையும் முன்னவன் அடித்துக்கொண்டிருக்கும்போதே செய்திருக்கலாம். குறுக்கே நிற்காமல், சத்தம் போடாமல், அடிக்கிறவனுக்கு முன்னால் போய்விடாமல் பக்கவாட்டில் தன் பந்துக்கு நடந்து, கையில் கிளப்போடு தயாராக நின்றால் போதும்.

விதிப் புத்தகமே இதற்கு ஓர் அளவு வைத்திருக்கிறது. இடைஞ்சல் இல்லாமல் அடிக்க முடியும் என்ற நிலை வந்த பிறகு 40 விநாடிக்குள் அடித்துவிடச் சொல்கிறது. வழக்கமாக அதைவிடக் குறைவாகவே ஆக வேண்டும் என்றும் சொல்கிறது. 40 விநாடி குறைச்சல் என்று நினைக்கிறவர்கள் ஒரு முறை கைப்பேசியில் ஓடவிட்டுப் பார்க்கலாம். நான் பிள்ளைகளை வட்டமாக உட்காரவைத்து, கண்ணை மூடச் சொல்லி, 40 விநாடி ஆனதும் கையைத் தூக்கச் சொல்வேன். பெரும்பாலும் 25-லேயே பாதிக் கைகள் மேலே வந்துவிடும்.

முறை பற்றியும் ஒரு குழப்பம் இருக்கிறது. கொடிக்குத் தூரமாக இருப்பவர்தான் முதலில் அடிக்க வேண்டும் என்று பிள்ளைகள் படித்திருப்பார்கள். ஆகவே தூரத்தில் இருப்பவன் மரத்தடியில் பந்தைத் தேடிக்கொண்டிருக்க, பக்கத்தில் இருப்பவன் மரியாதையாகக் காத்திருப்பான். அடிகளை எண்ணுகிற ஸ்ட்ரோக் பிளே ஆட்டத்தில் அந்த மரியாதை தேவையில்லை. 2019-ல் வந்த விதிகள், யார் தயாரோ அவர் பத்திரமாக அடிக்கலாம் என்று வெளிப்படையாகவே ஊக்கப்படுத்துகின்றன. ஒருவருக்கொருவர் மோதும் மேட்ச் பிளே-யில் மட்டும் முறைக்கு மதிப்பு உண்டு. அங்கும் இருவரும் ஒப்புக்கொண்டால் மாற்றி அடிக்கலாம். எங்கள் பிள்ளைகளிடம் “நான் ரெடி, அடிக்கட்டா?” என்று கேட்கச் சொல்லியிருக்கிறேன். கூச்சப்படுகிற பிள்ளைகளுக்கு அந்த ஒரு வாக்கியமே பெரிய வேலை. வீட்டில் “பெரியவங்க முதல்ல” என்று வளர்த்திருக்கிறோம் இல்லையா?

அடுத்தது டிவி. நிபுணர்கள் செய்கிற சடங்கை அப்படியே இறக்கிக்கொள்வது. 2019-ல் ஒரு போட்டியில் அமெரிக்க வீரர் பிரைசன் டிசாம்போ எட்டு அடி தூரத்திலிருந்து பந்தைக் குழிக்கு உருட்டும் பட் ஒன்றுக்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொண்ட வீடியோ உலகம் முழுக்கச் சுற்றியது. பெரியவர்கள் அதைப் பார்த்துத் திட்டினார்கள். பிள்ளைகள் அதைப் பார்த்துக் கற்றுக்கொண்டார்கள். பந்தின் மேல் கோடு போட்டு, அந்தக் கோட்டைக் குழிக்கு நேராகத் திருப்பி, எழுந்து பார்த்து, மறுபடி குனிந்து ஒரு நூல் திருப்பி... இரண்டடி பட்டுக்கு! நான் ஒன்றும் அந்தக் கோட்டுக்கு எதிரி இல்லை. ஆனால் முப்பது அடி தூரத்திலிருந்து பட் அடிக்கிற பிள்ளைக்கு வேண்டியது திசையைவிட வேகத்தைப் பற்றிய கணிப்பு. அதற்குக் கோடு உதவாது. ஒரு பிராக்டிஸ் ஸ்விங், ஒரு பார்வை, அடி. இதற்கு மேல் வேண்டுமானால் அது பயிற்சி ரேஞ்சில் செய்ய வேண்டிய வேலை.

மெதுவாக ஆடினால் என்ன ஆகும் என்று கேட்கிற பிள்ளைக்கு நான் சொல்கிற கதை சீனச் சிறுவன் குவான் தியான்லாங்குடையது. 2013-ல் 14 வயதில் அமெரிக்காவின் அகஸ்டா மாஸ்டர்ஸ் போட்டியில் ஆடினான். இரண்டாம் நாள் பதினேழாவது ஹோலில் மெதுவாக ஆடியதற்காக ஓர் அடி அபராதம் விழுந்தது. காற்று மாறி மாறி அடித்ததால் முடிவெடுக்கத் தாமதமானது என்றான், ஆனால் தீர்ப்பை ஏற்றுக்கொண்டான். அபராதத்தோடும், இரண்டு நாளுக்குப் பிறகு பின்தங்கியவர்களை வெளியேற்றும் கட்டைத் தாண்டி, கடைசி நாள் வரை ஆடி, அமெச்சூர்களில் முதலாவதாக முடித்தான். இன்னொரு பக்கம், ஸ்பெயினின் கார்லோட்டா சிகாண்டா 2023-ல் எவியான் போட்டியில் இதே காரணத்துக்காக விழுந்த இரண்டு அடி அபராதத்தைச் சேர்க்காமல் ஸ்கோர் கார்டில் கையெழுத்துப் போட்டு, தகுதியையே இழந்தார். பிள்ளைகளுக்கு இரண்டாவது கதைதான் பயமாக இருக்கிறது. எனக்கு முதலாவதுதான் பிடிக்கும்.

இனி பந்து தேடுவது. மலையில் இது தனிப் பாடம். எங்கள் ஓரங்களில் தேயிலை. ஒரு செடிக்கும் அடுத்த செடிக்கும் நடுவே பந்து விழுந்தால், கவாத்து வெட்டி ஒரு வருடம் ஆன செடியாக இருந்தால் கிடைக்கும். நன்றாக வளர்ந்த செடி என்றால் கொழுந்து எடுக்கிற அக்காமார் கண்ணில் எப்போதாவது படும். மழைக்காலத்தில் அட்டை வேறு. ஆனாலும் புதுப் பந்து என்றால் பையன்கள் விடமாட்டார்கள். முன்பு ஐந்து நிமிடம் தேடலாம் என்று இருந்தது. 2019-லிருந்து மூன்று நிமிடம்தான். தேடத் தொடங்கிய நொடியிலிருந்து கணக்கு.

இங்கே பிள்ளைகள் செய்கிற உண்மையான தவறு தேடுவதற்கு முன்பே நடந்துவிடுகிறது. பந்து தேயிலைப் பக்கம் வளைந்து போவதைக் கண்ணால் பார்த்தும், “கிடைச்சிடும் சார்” என்று நம்பிக்கையோடு கிளம்பிவிடுகிறார்கள். கிடைக்காவிட்டால் அவ்வளவு தூரமும் திரும்பி நடந்து வந்து டீயிலிருந்து மறுபடி அடிக்க வேண்டும். அதற்குள் பின்னால் வந்தவர்கள் டீயில் நிற்பார்கள். சந்தேகம் வந்த உடனேயே இன்னொரு பந்தை எடுத்து, “புரொவிஷனல்” (தற்காலிகப் பந்து) என்று வாயால் சொல்லிவிட்டு அடித்துவிட வேண்டும். சொல்லாமல் அடித்தால் அந்த இரண்டாவது பந்துதான் ஆட்டப் பந்து ஆகிவிடும், அபராதமும் சேரும். முதல் பந்து பிறகு கையில் கிடைத்தாலும் பயனில்லை. அடுத்தது, பந்து போன திசையில் ஒரு அடையாளத்தைப் பிடித்து வைப்பது: அந்த சில்வர் ஓக், அதற்கு இடப்பக்கம் மூன்றாவது செடி என்று. அடித்தவன் மட்டுமல்ல, குழுவில் மூவரும் பார்க்க வேண்டும். அடித்ததும் தலையைத் தொங்கப்போட்டுக் கிளப்பைத் திட்டுகிற பையனுக்குப் பந்து எங்கே போனது என்று தெரிந்திருக்க வழியே இல்லை.

நட்பு ஆட்டங்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. கிளப் நிர்வாகம் அனுமதித்திருந்தால், தொலைந்த பந்துக்குத் திரும்பிப் போகாமல், இரண்டு அடி அபராதத்தோடு அந்தப் பகுதிக்கு நேரே ஃபேர்வே என்கிற வெட்டிய புல்வெளியின் ஓரம் பந்தைப் போட்டு ஆடலாம். பிள்ளைகளின் சனிக்கிழமை ஆட்டத்துக்கு இதைவிட நல்ல விதி இல்லை.

ஏற்றுக்கொள்ளத்தக்க ஒரே தாமதம் யானை. படையப்பா என்கிற காட்டு யானை இந்தப் பக்கம் வந்திருக்கிறது என்று போன் வந்தால் பந்து, பை, ஸ்கோர் எல்லாவற்றையும் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வர வேண்டும். அதில் விவாதம் இல்லை.

குழி இருக்கிற கிரீனில் நடக்கும் தவறு கேட்பதற்கு அற்பமாக இருக்கும். பையை எங்கே வைப்பது? பெரும்பாலான பிள்ளைகள் கிரீனுக்கு முன்னால், தாங்கள் வந்த பக்கத்தில் வைக்கிறார்கள். பட் முடிந்ததும் எல்லோரும் திரும்பி வந்து பையை எடுத்து, பட்டரைத் துடைத்து, அங்கேயே நின்று ஸ்கோர் எழுதுகிறார்கள். பின்னால் இருப்பவர்களால் அடிக்க முடியாது, ஏனென்றால் இவர்கள் இன்னும் குறுக்கே நிற்கிறார்கள். பையை அடுத்த டீ இருக்கிற பக்கத்தில் வைத்துவிட்டால் இவ்வளவும் தானாகத் தீர்ந்துவிடும். ஸ்கோரை அடுத்த டீயில் போய் எழுதலாம். கொடியை எடுக்காமலே பட் அடிக்கலாம் என்பதும் 2019-லிருந்து விதிதான்.

பையைச் சொல்லும்போது: 14 கிளப் வரை வைத்துக்கொள்ளலாம் என்பது உச்சவரம்பு, கட்டாயம் அல்ல. பத்து வயதுப் பிள்ளைக்கு ஏழு போதும். ஏற்றத்தில் சுமந்து நடப்பதும் சுலபம், எதை எடுப்பது என்ற யோசனையும் குறையும்.

பெற்றோர் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்று “தலையைத் தூக்காதே”, “தோளைத் திருப்பு”, “மெதுவா, மெதுவா” என்று ஒரே மூச்சில் மூன்று கட்டளை போடுகிற அப்பாக்களை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பிள்ளை ஒவ்வொன்றையும் மனசுக்குள் சரிபார்த்துவிட்டுத்தான் அடிக்கும். பிள்ளை மெதுவாக ஆடுகிறது என்று அதே அப்பாதான் என்னிடம் வந்து குறைப்படுவார். என் பங்குக்கும் குற்றம் உண்டு. ரேஞ்சில் ஒவ்வொரு பந்துக்கும் நின்று திருத்திய காலத்தில் என்னிடம் படித்த பிள்ளைகள்தான் மைதானத்தில் ரொம்ப மெதுவாக ஆடினார்கள். ஒவ்வொரு அடிக்கு முன்னாலும் திரும்பி என் முகத்தைப் பார்ப்பார்கள். இப்போது மைதானத்தில் ஸ்விங் பற்றி வாயே திறப்பதில்லை.

“சீக்கிரம், சீக்கிரம்” என்று கத்துவதையும் விட்டுவிட்டேன். கத்தினால் பிள்ளை ஸ்விங்கைத்தான் வேகப்படுத்துகிறது, நடையை அல்ல. ஸ்விங் வேகமானால் பந்து தேயிலைக்குள் போகும், அப்புறம் மூன்று நிமிடம்.

ஒரு ஹோலில் பத்து, பதினொன்று என்று எகிறினால் பந்தைக் கையில் எடுக்கச் சொல்வதும் நல்லது. ஒவ்வொரு ஹோலுக்கும் புள்ளி தருகிற ஸ்டேபிள்ஃபோர்டு முறையில் புள்ளி கிடைக்க வழியில்லை என்றானதும் எடுத்துவிடலாம். அதிகபட்ச ஸ்கோர் என்று ஓர் எண்ணை முன்கூட்டியே வைத்து ஆடும் வடிவமும் விதிப் புத்தகத்தில் இருக்கிறது. சின்னவர்களுக்கு நாங்கள் பாரின் (அந்த ஹோலுக்கு வகுத்த அடி எண்ணிக்கையின்) இரண்டு மடங்கு என்று வைத்திருக்கிறோம். முதல் வாரம் அழுதார்கள். இரண்டாம் வாரம் “எட்டு ஆச்சு, எடுத்துட்டேன் சார்” என்று தாங்களாகவே சொல்லிவிட்டு அடுத்தவனுக்குக் கொடி பிடிக்கப் போய்விட்டார்கள்.

கடைசியாக, வழி விடுவது. முன்னால் ஒரு ஹோல் காலியாக இருந்து, பின்னால் ஆள் காத்திருந்தால் ஓரமாக ஒதுங்கிக் கையை அசைக்க வேண்டும். இதைத் தோல்வி மாதிரி நினைக்கிற பிள்ளைகள் உண்டு. அந்தப் புல் கிள்ளிப் போட்ட பையனும் அப்படித்தான். போன வாரம் ஐந்தாவது ஹோலில் அவனே ஒதுங்கி நின்று, ஃபிளாஸ்க்காரரைப் பார்த்து, “வாங்க அங்கிள், நீங்க போங்க” என்றான். அவர் அடித்த பந்து நேராகத் தேயிலைக்குள் போனது. பையன் உடனே கையைத் தூக்கிக் காட்டினான்: “அங்கிள், அந்த சில்வர் ஓக்குக்கு இந்தப் பக்கம், ரெண்டாவது செடி.”