வி.பி.எஸ். பிள்ளைகளை டேப்லெட்டில் பதிவு செய்து லேபிள் அச்சிடுவது எப்படி?

மே மாத விடுமுறையில் நம் சபைகளில் நடக்கும் விடுமுறை வேதாகமப் பள்ளிக்கு (வி.பி.எஸ்.) இருநூறு பிள்ளைகள் வருவார்கள் என்றால், வாசலில் ஒரு நோட்டையும் பேனாவையும் வைத்துச் சமாளிப்பது கடினம். டேப்லெட்டில் பிள்ளையின் பெயரைத் தேடித் தொட்டதும், சட்டையில் ஒட்ட ஒரு லேபிளும் அழைத்து வந்தவர் வைத்துக்கொள்ள ஒரு சீட்டும் அச்சாகும். இரண்டிலும் ஒரே குறியீடு இருக்கும். மதியம் அந்தச் சீட்டைக் கொண்டு வருபவரிடமே பிள்ளையை அனுப்புவோம். இத்தனை ஏற்பாடும் அந்தக் குறியீட்டுக்காகத்தான். வரிசை வேகமாக நகர்வது கூடுதல் லாபம்.

பலரும் முதலில் டேப்லெட்டை வாங்கிவிடுகிறார்கள். அதற்கு முன், பிளானிங் சென்டர் செக்-இன்ஸ் போன்ற ஒரு வருகைப் பதிவுச் செயலியைத் தேர்ந்தெடுத்து, அது எந்தெந்தப் பிரிண்டர்களோடு வேலை செய்யும் என்ற பட்டியலைப் பாருங்கள். பிரிண்டர் அந்தப் பட்டியலில் இருந்துவிட்டால், டேப்லெட் சற்றுப் பழையதாக இருந்தாலும் செயலி அதில் நிறுவப்படும் வரை கவலையில்லை.

நான் பயன்படுத்துவது பிரதர் க்யூஎல்-820என்டபிள்யூபி என்ற லேபிள் பிரிண்டர். இது வெப்பத்தால் அச்சிடும் வகை என்பதால் மை தேவையில்லை. இதற்கான டிகே-2205 லேபிள் சுருள் 62 மி.மீ. அகலமும் 30.48 மீட்டர் நீளமும் கொண்டது. லேபிளைத் தேவையான நீளத்தில் பிரிண்டரே வெட்டிக்கொள்ளும். ஒரு லேபிள் 5 செ.மீ. என்று வைத்தால் ஒரு சுருளில் ஏறக்குறைய 600 லேபிள்கள் கிடைக்கும். 200 பிள்ளைகளுக்கு ஆளுக்கு இரண்டு வீதம் நாளொன்றுக்கு 400 லேபிள்கள், அதாவது 20 மீட்டர். பத்து நாளுக்கு ஏழு சுருள்கள் வேண்டும். ஒன்றிரண்டு கூடுதலாகவே வாங்குங்கள். வாங்கிய சுருள்களை வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுவைக்காதீர்கள். ஒரு முறை நான் அப்படி மறந்துபோய், மறுநாள் சுருளைப் பிரித்தபோது காகிதம் ஓரமெல்லாம் சாம்பல் நிறமாகியிருந்தது.

அடுத்தது இணைப்பு; பெரும்பாலான சிக்கல்கள் இங்கேதான் பிறக்கின்றன. சபையின் விருந்தினர் வைஃபையில் டேப்லெட்டையும் பிரிண்டரையும் சேர்த்தால், இரண்டும் இணையத்தைத் தொடும், ஆனால் ஒன்றை ஒன்று பார்க்காது. விருந்தினர் வலையமைப்புகள் பலவும் கருவிகளைத் தனித்தனியாகப் பிரித்துவைப்பதே காரணம். ஆகவே இந்த வேலைக்கென ஒரு சிறிய ரவுட்டரை ஒதுக்கி, பிரிண்டரை அதனுடன் கேபிளில் இணைத்துவிடுங்கள். கேபிள் எட்டாத இடமானால் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபையைப் பயன்படுத்தலாம். பிறகு ரவுட்டரின் அமைப்புப் பக்கத்துக்குள் சென்று பிரிண்டருக்கு ஒரு ஐபி முகவரியை, அதாவது வலையமைப்பில் அதை அடையாளம் காட்டும் எண்ணை, நிலையாக ஒதுக்குங்கள். இதைச் செய்யாவிட்டால், மின்சாரம் போய் வந்த பின் முகவரி மாறி, நேற்று வரை அச்சிட்ட டேப்லெட் இன்று பிரிண்டரைக் காணவில்லை என்று சொல்லக்கூடும். ரவுட்டரையும் பிரிண்டரையும் யூபிஎஸ்ஸில் செருகிவைப்பது நல்லது.

இனி லேபிளின் வடிவம். பிள்ளையின் பெயரை இரண்டு மீட்டர் தள்ளி நிற்கும் ஆசிரியர் படிக்கும் அளவுக்குப் பெரிதாகவும், அதன் கீழே வகுப்பையும் குறியீட்டையும் வையுங்கள். பெற்றோரின் கைபேசி எண்ணை அச்சிட வேண்டாம். அந்த லேபிள் நாள் முழுவதும் ஊர் பார்க்கச் சட்டையில் இருக்கும். வேர்க்கடலை ஒவ்வாமை போன்றவற்றுக்கு ஒரு நட்சத்திரக் குறி போதும், விவரம் ஆசிரியரின் பட்டியலில் இருக்கட்டும். தமிழில் அச்சிடுவதாக இருந்தால் ‘ஜெபஸ்டின்’, ‘கௌசல்யா’, ‘ஸ்ரீநிதி’ ஆகிய பெயர்களை முதலில் அச்சிட்டுப் பாருங்கள். சில செயலிகளில் கொம்பு தனியாகப் பிரிந்து எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும்.

டேப்லெட்டைக் கடைசியில் எடுத்துக்கொண்டால் போதும். செயலியில் பிரிண்டரைத் தேர்ந்தெடுத்து ஒரு சோதனை லேபிள் அச்சிட்ட பின், பிள்ளைகள் யூடியூபுக்குத் தாவிவிடாதபடி திரையைப் பூட்டுங்கள். ஐபேடில் செட்டிங்ஸ், அக்சஸபிலிட்டி, கைடட் அக்சஸ் என்று சென்று அதை இயக்கி, கடவு எண் வைத்து, அங்கேயே டிஸ்ப்ளே ஆட்டோ-லாக் என்பதை நெவர் என மாற்றுங்கள். பிறகு செயலியைத் திறந்து மேல் பொத்தானை, பழைய ஐபேடானால் ஹோம் பொத்தானை, மூன்று முறை அழுத்துங்கள்; ஸ்டார்ட் என்று காட்டினால் அதைத் தொடுங்கள். ஆண்ட்ராய்டில் இதே வேலையை ஆப் பின்னிங் செய்யும்.

பெயர்களை முன்கூட்டியே செயலியில் ஏற்றும்போது விண்ணப்பப் படிவத்தில் பெற்றோரின் ஒப்புதல் கையெழுத்தையும் வாங்கிவிடுங்கள். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிறையாதவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலைக் கோருகிறது.

முதல் நாளுக்கு முந்தின மாலை, இரண்டு தன்னார்வலர்களை வைத்து இருபது பெயர்களை வரிசையாகப் பதிவு செய்து பாருங்கள். இணைப்பு அறுந்தால் கையில் எடுக்க, ஒரே எண் இரண்டிரண்டாக எழுதிய ஐம்பது ஜோடி லேபிள்களை மேசையின் இழுப்பறையில் வையுங்கள். மதியம் யாராவது சீட்டைத் தொலைத்துவிட்டு வந்தால், முகம் தெரிந்தவர் என்பதற்காக அனுப்பிவிடாமல், பதிவில் உள்ள கைபேசி எண்ணுக்கு அழைத்துப் பேசிய பிறகே பிள்ளையை ஒப்படையுங்கள்.