எழுத வருபவர்கள் கூட்டங்களிலும் சினிமாவிலும் சங்கத்திலும் செய்யும் தவறுகள்

எழுதுகிற ஒருவர் மற்றவர்களோடு சேர்ந்து பழகத் தமிழ்நாட்டில் மூன்று இடங்கள் இருக்கின்றன. ஊர்தோறும் நடக்கும் வாசகர் வட்டங்களும் இலக்கியக் கூட்டங்களும் ஒன்று. படங்களைத் திரையிட்டுப் பேசும் திரைப்படச் சங்கங்களும், அதைத் தாண்டிப் போனால் கோடம்பாக்கத்தின் கதை விவாத அறைகளும் இன்னொன்று. மூன்றாவது, எழுத்தாளர்களின் தொழில் சங்கம். மூன்றிலும் ஒரே மாதிரி நடந்துகொள்வதுதான் முதல் தவறு. கணக்குப் பார்க்கக் கூடாத இலக்கியக் கூட்டத்தில் கணக்குப் பார்க்கிறோம். கணக்குப் பார்த்தே ஆக வேண்டிய சினிமா அலுவலகத்தில் கூச்சப்பட்டு வாயை மூடிக்கொள்கிறோம்.

முதலில் இலக்கியக் கூட்டம். தன் புத்தகம் வெளிவந்த பிறகுதான் பலர் கூட்டங்களுக்கு வரத் தொடங்குகிறார்கள். அதுவரை யாருடைய நூலைப் பற்றியும் ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டார்கள். வந்ததும் பத்துப் பேருக்கு இலவசப் பிரதி கொடுத்து, மதிப்புரை எழுதச் சொல்வார்கள். அடுத்த மாதக் கூட்டத்தில் வேறொருவர் நாவல் பேசப்படும்போது இவர்களைக் காணோம். கூட்டத்துக்கு வருகிறவர்கள் இதை வெளியே சொல்லிக் காட்ட மாட்டார்கள், ஆனால் நன்றாகவே கவனிப்பார்கள்.

இப்படிப்பட்ட அமைப்புகளை நிலைக்க வைப்பது வாசிப்புதான். 1970-ல் தொடங்கிய ‘இலக்கியச் சிந்தனை’யின் மாதக் கூட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த மாதம் பத்திரிகைகளில் வந்த சிறுகதைகளை ஒருவர் தேடிப் படித்து, ஒன்றைத் தேர்ந்து, ஏன் அதைத் தேர்ந்தேன் என்று பேச வேண்டும். பெயர் தெரியாத எத்தனையோ பேர் எழுதிய கதைகளையும் பொறுமையாகப் படித்தால்தான் அந்த வேலையைச் செய்ய முடியும். புதிதாக எழுத வருகிறவருக்கு இதைவிட நல்ல நுழைவாயில் எனக்குத் தெரியவில்லை. பேச வேண்டிய நூலை முன்னுரை மட்டும் புரட்டிவிட்டு வருவது, பேச இருபது நிமிடம் கேட்டு வாங்கியவர் நாற்பது நிமிடம் பேசுவது, தன் முறை முடிந்ததும் எழுந்து போய்விடுவது எல்லாம் சின்ன விஷயங்களாகத் தெரியும். அடுத்த முறை அழைக்கலாமா என்று யோசிக்கிறவர்கள் முதலில் நினைத்துப் பார்ப்பது இவற்றைத்தான்.

ஓர் அணிக்குள் போனதும் அந்த அணியின் பகைகளையும் சேர்த்துச் சுமக்கத் தொடங்குவது இன்னொரு தவறு. நம் இலக்கிய அமைப்புகள் பலவும் கொள்கையிலிருந்து பிறந்தவை. கலை இலக்கியப் பெருமன்றம் 1961-ல் பொதுவுடைமைத் தலைவர் ஜீவாவின் முயற்சியில் உருவானது. முற்போக்கு எழுத்தாளர் சங்கம் 1975-ல் மதுரையில் தொடங்கியது. சிற்றிதழ் மரபு இவற்றோடு பல காலம் விவாதித்தே வளர்ந்தது. அந்த விவாதங்களைப் படித்துத் தெரிந்துகொள்வது அவசியம். ஆனால் முப்பது வருடத்துக்கு முந்தைய சண்டை ஒன்றுக்காக, இன்று ஒருவருடைய கதையைப் படிக்காமலேயே ஒதுக்கினால் இழப்பு நமக்குத்தான். இரண்டு மேடைக்கும் போங்கள். யாராவது முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

அப்புறம் வாட்ஸ்அப் குழுக்கள். சக எழுத்தாளரின் புத்தகத்தை பிடிஎஃப்பாக அனுப்பிவிட்டு, ‘அருமையான நூல், எல்லோரும் வாசிக்கணும்’ என்று எழுதுகிறார்கள். சில நூறு பிரதிகள் மட்டுமே அச்சாகும் நூலுக்கு இது நேரடி அடி. குழுவில் எழுதுகிறவர்களே இருந்தும் ஒருவரும் தடுக்காமல் இருப்பதுதான் எனக்கு அதிகம் வலிக்கிறது.

திரைப்படச் சங்கத் திரையிடலுக்கு வருபவர்களில் சிலர் படம் பார்க்க வருவதில்லை, ஆள் பிடிக்க வருகிறார்கள். தேநீர் இடைவேளையில் இயக்குநரை ஓரமாகத் தள்ளிக்கொண்டுபோய் ஒன்லைன் (ஓரிரு வரியில் கதைக் கரு) சொல்வது, கேள்வி நேரத்தில் கேள்வி என்ற பெயரில் தன் கருத்தையே ஐந்து நிமிடம் பேசுவது. கல்கத்தா ஃபிலிம் சொசைட்டியை 1947-ல் தொடங்கியவர்களில் சத்யஜித் ராயும் ஒருவர். அவருடைய முதல் படம் வெளிவந்தது 1955-ல். இடைப்பட்ட வருடங்களில் அங்கே பார்த்ததும் பேசியதும் அவருக்கு வீணாகிவிடவில்லை.

இனி கதை விவாதம். அதிக இழப்பு இங்கேதான் நடக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

‘நம்ம ஆள்தானே’ என்று நம்பி, ஒரு வரிகூட எழுதாத கதையை மூன்று மணி நேரம் வாயால் சொல்லிவிட்டு வருகிறார்கள். இரண்டு வருடம் கழித்து அதே கருவில் ஒரு படம் வருகிறது. ‘என் ஐடியாவைத் திருடிவிட்டார்கள்’ என்கிறார்கள். இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் ஐடியாவுக்கு உரிமை கிடையாது. அதை நீங்கள் எழுதிய வடிவத்துக்குத்தான் உரிமை. 1978-ல் உச்ச நீதிமன்றம் இதை ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆனந்த் தன் நாடகத்தை ஒரு திரைப்பட இயக்குநருக்குப் படித்துக் காட்டியிருந்தார். பிறகு அதே கருவில் படம் வந்தது. கரு ஒன்றாக இருந்தாலும் கதையைக் கையாண்ட விதம் வேறு என்று சொல்லி, உரிமை மீறல் இல்லை என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முழு நாடகத்தையும் எழுதி முடித்து மேடையேற்றியவருக்கே இந்த நிலை. வெறும் ஒன்லைனை வைத்துக்கொண்டு எதையும் நிரூபிக்க முடியாது.

அதனால் பேசப் போவதற்கு முன்பே கதையைக் காட்சி வரிசையோடு எழுதி முடித்துவிடுங்கள். பதிவு செய்ய இரண்டு வழிகள் இருக்கின்றன. தென்னிந்தியத் திரைப்பட எழுத்தாளர் சங்கத்தில் உறுப்பினராகி அங்கே பதியலாம். இல்லையென்றால் மத்திய அரசின் பதிப்புரிமை அலுவலகத்தில் இலக்கியப் படைப்பாகப் பதியலாம். 2013-ன் விதிகளின்படி அதற்குக் கட்டணம் 500 ரூபாய். பதிப்புரிமை பிறப்பது எழுதிய கணத்திலேயே. பதிவு அதற்கு ஒரு சான்று. கதையைத் தனக்கே பதிவுத் தபாலில் அனுப்பி, உறையைப் பிரிக்காமல் பீரோவில் வைத்திருக்கும் பழைய வழக்கம் இன்னும் இருக்கிறது. அது மட்டும் போதும் என்று இருந்துவிடாதீர்கள். விவாதம் முடிந்த அன்றே ‘இன்று நான் சொன்ன கதையின் சுருக்கத்தை இணைத்திருக்கிறேன்’ என்று ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். இரண்டு வரி போதும். யாரையும் அது புண்படுத்தாது, ஆனால் தேதியோடு நிற்கும்.

பேப்பர், அதாவது எழுத்தில் ஒப்பந்தம், கேட்டால் வாய்ப்பு போய்விடும் என்ற பயம் எனக்குப் புரிகிறது. சில இடங்களில் போகத்தான் செய்யும். ஆனாலும் ஒன்றை நினைவில் வையுங்கள்: நீங்கள் எழுதி வைத்திருக்கும் கதையின் உரிமை கையெழுத்திட்ட ஆவணம் இல்லாமல் யாருக்கும் மாறாது. சட்டத்தின் 19-ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. ஆக, முறையாகப் படம் எடுக்க நினைக்கும் நிறுவனத்துக்கும் அந்தக் காகிதம் தேவை. எத்தனை வருடம் என்று ஒப்பந்தத்தில் குறிப்பிடாவிட்டால் ஐந்து வருடம் என்று கொள்ளப்படும். எந்த நிலப்பரப்பு என்று இல்லாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். வேறு ஏற்பாடு எழுதப்படாதபோது, உரிமையை வாங்கியவர் ஒரு வருடத்துக்குள் அதைப் பயன்படுத்தாவிட்டால் அது உங்களிடமே திரும்பும். அட்வான்ஸ் தொகையை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போடாமல் இந்த மூன்றையும் பாருங்கள். டைட்டில் கார்டில் பெயர் எப்படி வரும் என்பதும் அதே தாளில் எழுத்தாக இருக்கட்டும். பாடல், வசனம் எழுதுகிறவர்களுக்கு இன்னொன்று: திரையரங்கு தவிர்த்த மற்ற பயன்பாடுகளில் வரும் ராயல்டியில் எழுத்தாளருக்குச் சம பங்கு உண்டு என்று 2012-ன் திருத்தம் சொல்கிறது. அந்தப் பங்கை உரிமையை வாங்கியவருக்கே விட்டுக்கொடுத்தேன் என்று எழுதிக் கொடுத்தாலும் செல்லாது.

சிறுகதை, நாவல் எழுதுகிறவர்கள் இதெல்லாம் சினிமாக்காரர்கள் பாடு என்று இருந்துவிடுகிறார்கள். பதிப்பாளரோடு போட்ட ஒப்பந்தத்தில் ‘அனைத்து உரிமைகளும்’ என்ற இரண்டு சொல் இருந்தால், நாவலைப் படமாக்கக் கேட்டு வருகிறவரிடம் பேசும் உரிமையே உங்களிடம் இல்லாமல் போகலாம். அச்சு, மின்நூல், ஒலிநூல், திரைப்படம் என ஒவ்வொன்றையும் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள்.

சங்க விஷயத்தில் எல்லோரும் செய்வது ஒன்றுதான்: பிரச்சினை வந்த பிறகு சேர ஓடுவது. 2018-ல் ஒரு பெரிய நடிகரின் படத்துக்கு எதிராகக் கதை உரிமைப் புகார் வந்தபோது, தென்னிந்தியத் திரைப்பட எழுத்தாளர் சங்கம் இரண்டு கதைகளையும் ஒப்பிட்டுப் பார்த்து ஒற்றுமை இருப்பதாகச் சொன்னது. விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போய், புகார் செய்தவரின் பெயரைப் படத்தில் காட்டுவது என்று சமரசமானது. அவருடைய கதை சங்கத்தில் முன்பே பதிவாகியிருந்ததால்தான் ஒப்பிட்டுப் பார்க்கவே முடிந்தது. அதே சமயம், சங்கம் நீதிமன்றம் அல்ல. அது விசாரிக்கும், இரு தரப்பையும் பேச வைக்கும். தடை விதிக்கும் அதிகாரம் அதனிடம் இல்லை. எனவே சந்தாவை விடாமல் கட்டுங்கள், பொதுக்குழுவுக்குப் போங்கள், விதிப் புத்தகத்தை ஒரு முறையாவது முழுதாகப் படியுங்கள்.

கூட்டம் நடத்தும் பொறுப்புக்கு வந்தவர்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும். மேடையில் ஆறு ஆண்கள், நன்றியுரைக்கு ஒரு பெண் என்று இன்றும் அழைப்பிதழ் அச்சாகிறது. ஆறு மணி என்று போட்டு ஏழரைக்குத் தொடங்கி, பத்து மணிக்கு முடிக்கிறார்கள். கடைசிப் பேருந்தைப் பிடிக்க வேண்டியவர்கள், குறிப்பாகப் பெண்கள், கலந்துரையாடல் தொடங்கும் முன்பே கிளம்பிவிடுகிறார்கள். ‘பெண்கள் வருவதே இல்லை’ என்று பிறகு வருத்தப்படுகிறோம். ஞாயிறு காலை பத்து மணிக்கு வைத்து, ஒரு மணிக்கு முடித்துப் பாருங்கள்.